உப்புத் தண்ணியில போட்டா பனீர் ஃபெட்டா ஆயிடுமா?

உப்புக்கண்டம்:
நுங்கம்பாக்கத்துல புதுசா திறந்திருக்கிற கிரேக்க உணவகத்தைப் பத்தி ஒரு ரீல்ஸ் சுத்துது. "சாலட் மேல வைக்கிற ஃபெட்டா சீஸ் வேற ஒண்ணுமில்ல, நம்ம பனீரை ராத்திரி உப்புத் தண்ணியில ஊறப்போட்டது"ன்னு ஒருத்தர் அடிச்சு விடுறார். கீழ அத்தனை பேரும் "கரெக்ட் ப்ரோ". பனீர்னா பாலை 90 டிகிரி வரைக்கும் காய்ச்சி, எலுமிச்சையோ சிட்ரிக் அமிலமோ விட்டுத் திரிய வச்சு, துணியில கட்டிப் பாரம் வைக்கிறது. ஃபெட்டாவுக்குப் பாலை 35 டிகிரி வாக்குல வச்சு உறையும், பாலைக் கெட்டியாக்குற ரென்னட்ங்கிற நொதியும் சேர்க்கணும். கெட்டியானதை வெட்டி, பாரமே வைக்காம வடியவிட்டு, உப்பு தூவி, அப்புறம் உப்புநீர்ல ஊறணும். மொத்தத்துல குறைஞ்சது 2 மாசம். ஒரு ராத்திரியாம், ஒரு ராத்திரி!

தயிர்வடை:
வந்துட்டாருய்யா பேராசிரியர். ரெண்டும் பால், ரெண்டும் கட்டி, ரெண்டும் உப்பு. உப்போட ரெண்டு ஸ்பூன் வினிகர் விட்டா புளிப்பும் வந்துடும். ஆலிவ் எண்ணெயும் ஒரிகானோவும் கொட்டின பிறகு எவனுக்கு வித்தியாசம் தெரியப்போகுது?

உப்புக்கண்டம்:
நாக்கு இருக்கிறவனுக்குத் தெரியும். வினிகர் மேல்பக்கம்தான் ஏறும். துண்டைக் குறுக்கால வெட்டி நடுப்பகுதியை மட்டும் வாயில போடுங்க. பனீர்னா உள்ள சப்புனு இருக்கும், பல்லுல கிறீச்சுங்கும். ஃபெட்டா நடுவுலயும் அதே புளிப்பு, ஏன்னா உறையில இருக்கிற பாக்டீரியா உள்ளுக்குள்ளேயே புளிக்க வச்சிருக்கு. விரலால நசுக்கினா ஃபெட்டா வெண்ணெயா இழையும், பனீர் குருணை குருணையா உதிரும். 90 டிகிரியில மோர்ப் புரதமும் சேர்ந்து இறுகிடுது, அதான் காரணம். இதுக்கும் 2 மாசத்துக்கும் சம்பந்தம் இருக்கு சார்.

அண்ணாநகர் வாசி:
எதுக்கு இவ்ளோ ஆராய்ச்சி? வெள்ளை வெளேர்னு இருந்தா ஒரிஜினல், லேசா மஞ்சள் அடிச்சா டூப்பு.

உப்புக்கண்டம்:
எருமைப்பால் பனீர் என்ன கலர் சார்? அதுவும் வெள்ளை வெளேர்தான். நிறத்தை வச்சு இந்த ஊர்ல ஒண்ணும் சொல்ல முடியாது. தட்டைப் பாருங்க. கிரேக்கக் கிராமத்து சாலட்ல ஃபெட்டா ஒரே பாளமா மேல உட்காரும், ஒரிகானோவும் எண்ணெயும் அதும் மேல. லெட்யூஸ் இலையே கிடையாது. குட்டிக் குட்டிக் கட்டமா வெட்டிக் கலந்து வந்தா அப்ப சந்தேகப்படுங்க.

கணக்குப்புள்ளை:
ரெண்டு பேரும் பாலை மறந்துட்டீங்க. ஃபெட்டான்னா குறைஞ்சது 70 சதவீதம் செம்மறி ஆட்டுப்பால், மிச்சம் வெள்ளாடு. 2002ல ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பேரைக் கிரேக்கத்துக்கே எழுதிக் கொடுத்துச்சு. ஜெர்மனியும் டென்மார்க்கும் கேஸ் போட்டு 2005ல தோத்தாங்க. தன் ஊர் சீஸ் ஒன்றியத்துக்கு வெளிய அந்தப் பேர்லயே ஏத்துமதியாகுறதைத் தடுக்கலைன்னு 2022ல டென்மார்க்குக்கு மறுபடியும் குட்டு. இங்க டின்ல வர்றது பசும்பால் 'ஒயிட் சீஸ்'னா உங்க 2 மாசத்தை வச்சு என்ன பண்றது?

உப்புக்கண்டம்:
பசும்பாலா இருந்தாலும் அது பனீர் இல்ல. பேச்சு பனீரைப் பத்தி.

தயிர்வடை:
பாத்தீங்களா, நழுவுறார்! ஃபெட்டாவும் இல்ல, பனீரும் இல்லைன்னா நடுவுல என்னய்யா விக்கிறாங்க?

மயிலை மாமி:
அது கிடக்கட்டும். ரென்னட்னா கன்னுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்கறதுதானே? அதுக்கு எப்படி பச்சைப் புள்ளி? இதை ஒருத்தரும் கேக்கலையே.

உப்புக்கண்டம்:
மாமி, கிரேக்கத்துப் பழைய முறையில கன்னுக்குட்டி இல்ல, ஆட்டுக்குட்டி வயித்துலேர்ந்து எடுப்பாங்க. ஆனா நம்ம ஊர் உணவுச் சட்டத்துல சீஸ்னாலே விலங்கு அல்லாத ரென்னட்னுதான் எழுதியிருக்கு. நுண்ணுயிர் ரென்னட்ல உறைய வச்சதும் 2 மாசம் ஊறத்தான் செய்யும்.

மயிலை மாமி:
சட்டத்துல எழுதினா சமையல்கட்டுல நடந்துடுமா? டின் லேபிளைக் காட்டச் சொல்லுங்கோ, அப்புறம் பேசலாம்.

பெசன்ட்நகர் காத்து:
ட்ஸாட்ஸிகி, அதான் அவங்க தயிர்-வெள்ளரிப் பச்சடி, தண்ணியா ஓடுதாம், அதுக்கு ஒரு வார்த்தை இல்ல. வெள்ளரியைத் துருவி, உப்பு போட்டு 20 நிமிஷம் வச்சு ஒட்டப் பிழியணும். தயிரை ராத்திரியே துணியில கட்டி ஃப்ரிட்ஜ்ல தொங்கவிடணும். ரெண்டுல ஒண்ணு விட்டாலும் மேசைக்கு வர்றதுக்குள்ள தண்ணி பிரிஞ்சிடும். இதுல பில்லுல 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் வேற.

கணக்குப்புள்ளை:
அதைத் தானா சேர்க்கக் கூடாதுன்னு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலயே சொல்லிடுச்சு. 2025 மார்ச்ல டெல்லி உயர்நீதிமன்றமும் அதை உறுதி பண்ணிடுச்சு. எடுக்கச் சொல்லிக் கேளுங்க.

அண்ணாநகர் வாசி:
பரிமாறுற பையனுக்குப் போற காசுல கை வைக்கணுமா?

கணக்குப்புள்ளை:
பையனுக்குப் போகுதுன்னு உங்க கிட்ட யார் சொன்னது? கையில குடுங்க, கண்ணால பாருங்க.

உப்புக்கண்டம்:
திரி பனீரைப் பத்தினது. இன்னொண்ணு. மிச்ச ஃபெட்டாவைப் பார்சல் வாங்கி, வெறும் உப்புத் தண்ணியில போட்டு வைக்காதீங்க. கால்சியம் வெளியேறி மேல்பக்கம் கொழகொழன்னு ஆயிடும். டின்லயே இருக்கிற உப்புநீரைக் கேட்டு வாங்குங்க. இல்லைன்னா கால்சியம் குளோரைடு ஒரு சிட்டிகை, வினிகர் சில துளி விடுங்க. பனீருக்கு இந்தப் பிரச்சினையே வராது. ரெண்டும் ஒண்ணுன்னா ஏன் வராது? பதில் சொல்லுங்க தயிர்வடை.

தயிர்வடை:
போன மாசம் சாம்பார்ல வெல்லம் திரியில வாங்கிக் கட்டிக்கிட்ட கடுப்பு இன்னும் தீரலை போல. பனீர் அவ்ளோ நாள் தாங்காது, அதுக்குள்ள நாங்க தின்னு முடிச்சிடுவோம், அதான் வராது.

உப்புக்கண்டம்:
அந்தத் திரியில யார் பதில் சொல்லாம ஓடினதுன்னு இன்னும் அங்கேயே இருக்கு, போய்ப் பாருங்க. 2 மாசம். ஒரு ராத்திரி இல்ல.

தயிர்வடை:
ஒரு ராத்திரி போதும்.