டேமேஜிலிருந்து கவசத்தைக் கழிப்பது பெருக்கலுக்கு முன்னா, பின்னா?

கேள்வி:
கர்ப்ஸ் (GURPS) என்ற பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டின் 4-ஆம் பதிப்பு ஆடுகிறோம். என் வீரனுக்கு எச்பி (உயிர்ப் புள்ளிகள்) 10, போட்டிருப்பது சங்கிலிக் கவசம், டிஆர் (அடியில் கவசம் தடுக்கும் அளவு) 4. எதிரியின் ஈட்டி நெஞ்சில் பட்டு பகடையில் 7 டேமேஜ் விழுந்தது. குத்துக்கு இரண்டு மடங்கு என்று ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் அதை 14 ஆக்கி, அப்புறம் 4 கழித்தார், மொத்த எச்பியும் போச்சு. முதலில் கழித்துவிட்டுப் பெருக்கினால் 6தானே வரும்? எது சரி? இதே மாதிரி இன்னொரு விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் இந்தத் தலைவலியே இல்லை என்கிறான் கூட ஆடுபவன்.

பதில் 1:
நீங்கள் சொல்வதுதான் சரி நண்பா, முதலில் கழிக்கணும். கவசம் தடுப்பது ஆயுதத்தின் வேகத்தை, இரண்டு மடங்கு என்பது அதையும் தாண்டி உள்ளே போன முனை சதையில் செய்யும் சேதத்துக்கு. இதே 7 வாள் வெட்டாக இருந்தால் 3 உள்ளே போகும், ஒன்றரை மடங்கு, பின்னத்தை விட்டால் 4. கதாயுத அடி என்றால் சங்கிலிக் கவசத்தின் டிஆர் வெறும் 2, பெருக்கலும் கிடையாது, ஆக 5. வளையங்கள் வெட்டைத் தாங்கும், இடியைத் தாங்காது என்பதை இந்த ஒரு கழித்தல் எவ்வளவு அழகாகக் காட்டுகிறது பாருங்கள்! வரிசையை மாற்றினால் வாளுக்கு 6 வந்துவிடும், அப்புறம் சங்கிலிக் கவசக்காரனிடம் கதாயுதத்தை எடுத்துக்கொண்டு போக யாருக்கும் காரணமே இருக்காது.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள், 6 என்பது உங்கள் எச்பியில் பாதியைத் தாண்டுகிறது, அதனால் அது பெரிய காயம். எச்டி (உடல் வலு) ரோல் போட்டே ஆகணும், தவறினால் நிலைகுலைந்து கீழே விழுவான்.

பதில் 2:
டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் கவசம் அடி படுமா படாதா என்பதைத்தான் முடிவு செய்கிறது. முழுத்தகட்டுக் கவசத்துக்கு ஏசி (அடி பட எட்ட வேண்டிய எண்) 18. தாக்குபவரின் ரோலில் மொத்தம் 17 வந்தால் ஒன்றும் ஆகாது, 18 வந்தால் முழு டேமேஜும் இறங்கும். ஆனால் தலைவலியே இல்லை என்று சொல்ல முடியாது. 2014 பதிப்பில் ஹெவி ஆர்மர் மாஸ்டர் என்ற சிறப்புத் திறனை எடுத்தவருக்கு மாயமில்லாத ஆயுத அடியில் 3 குறையும், கூடவே டேமேஜைப் பாதியாக்கும் ரெசிஸ்டன்ஸும் இருந்தால் அங்கேயும் இதே கேள்விதான். விடையும் இதேதான், முதலில் கழித்தல். 13-இல் 3 போய் 10, அதில் பாதி 5.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. கேம் மாஸ்டர் ஒத்துக்கொண்டார், 4 எச்பி திரும்ப வந்துவிட்டது. எச்டி 11, ரோலில் அதைத் தாண்டாமல் 9தான் விழுந்தது, நிற்கிறான். அடுத்த ஆட்டத்துக்கு எதிரிகளிடம் கதாயுதம் கொடுக்கப் போகிறாராம்.