புண்ணான காதுக்கு டைட்டானியம் ஸ்டட்டா, 22 கேரட் தங்கமா?

வெட்டாற்றங்கரை:
என் அக்கா மகள் தஞ்சாவூரில் பி.எஸ்சி. வேதியியல் படிக்கிறாள். வைத்தீஸ்வரன் கோயிலில் மொட்டை போட்டுக் குத்திய காது. தங்கத் தோடு போட்டிருந்தவரை ஒரு தொல்லையும் இல்லை. ஹாஸ்டலில் தங்கம் வேண்டாம் என்று கவரிங் போடத் தொடங்கியதும் அரிப்பு, நீர் வடிதல். அட்டையில் ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்று அச்சடித்த ஸ்டட்டுக்கு மாற்றினோம். குறைந்தது, நிற்கவில்லை. இப்போது இரண்டாம் துளையும் மேல்காதில் ஒன்றும் குத்த வேண்டுமாம். டைட்டானியம் ஸ்டட்தான் வேண்டும் என்கிறாள். எங்கள் அம்மாவோ, பெண் பிள்ளை காதில் தங்கம் தவிர வேறெதுவும் ஏறக்கூடாது என்கிறார். ஆன்லைனில் பார்த்தால் நூறு ரூபாய்க்கும் இருக்கிறது, இரண்டாயிரத்துக்கும் இருக்கிறது. இரண்டிலும் டைட்டானியம் என்றுதான் போட்டிருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பட்டறைப்பிள்ளை, கும்பகோணம்:
அக்கா, தங்கம் போட்டவரை தொல்லை இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்புறம் எதற்குப் புதிதாக ஓர் உலோகம்? 22 கேரட்டில் 91.6 சதவீதம் தங்கம். மீதிக்கு நம் பக்கத்துப் பட்டறைகளில் செம்பும் வெள்ளியும்தான் கூட்டுவார்கள். நிக்கலுக்கு அங்கே வேலை இல்லை. வெள்ளைத் தங்கம் என்று விற்பதில் சிலவற்றில் நிக்கல் உண்டு, அதை வாங்காதீர்கள், அவ்வளவுதான். டைட்டானியத்தைப் பத்து வருடம் கழித்து எந்தக் கடையில் போட்டுக் காசு வாங்குவீர்கள்? தண்டு ஒடிந்தால் பற்றவைக்கத்தான் முடியுமா? எங்கள் ஊதுகுழல் தீயில் காட்டினால் அது காற்றோடு சேர்ந்து கெட்டுப்போகும். ஆர்கான் வாயு வைத்துச் செய்கிற வேலை அது. பத்தர் பட்டறையில் அதற்கு வழியில்லை.

துவாக்குடி லேத்:
தம்பி, அவர்கள் கேட்பது காது ஆறுவதற்கு. நீங்கள் அடகுக்கடைக்குப் போய்விட்டீர்கள்.

நான் டைட்டானியம் கடைகிற ஆள், அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இந்த உலோகம் காற்றுப் பட்டதுமே மேலே கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடு படலத்தைப் போட்டுக்கொள்ளும். கீறினாலும் அந்த இடம் உடனே மூடிக்கொள்ளும். வியர்வையின் உப்பு அதை அரிப்பது கடினம். எலும்பு முறிவுக்கு வைக்கும் பிளேட்டும், பல் இம்பிளான்ட்டின் வேரும் இதிலேயே செய்வதற்கு அது முக்கியமான காரணம்.

ஆனால் அக்கா, வெறுமனே ‘டைட்டானியம்’ என்று எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள். புதுத் துளைக்கு வேண்டியது உடலுக்குள் வைக்கத் தகுந்த தரம். ஏஎஸ்டிஎம் எஃப் 136 என்ற தரக்குறி இருக்க வேண்டும், அல்லது ஐஎஸ்ஓ 5832-3. கிரேடு 23 என்று கடைக்காரர் சொல்வதும் இந்த வகையைத்தான். கலப்பில்லாத டைட்டானியத்துக்கு எஃப் 67 என்று தனித் தரம், அதுவும் நல்லது. கிரேடு 5 என்பது ஏறக்குறைய எஃப் 136 கலவைதான், ஆனால் ஆக்சிஜன், இரும்பு போன்றவற்றுக்கு அதில் எஃப் 136 அளவுக்கு இறுக்கமான வரம்பு கிடையாது. விற்பவரிடம் மில் சர்டிபிகேட் கேளுங்கள். அந்தக் கம்பி எந்த ஹீட்டில், அதாவது எந்த உருக்குத் தொகுதியில், வார்த்தது, எந்த உலோகம் எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும். நூறு ரூபாய்க்காரர் பதிலே போட மாட்டார். அதுவே உங்களுக்குப் பதில்.

‘டைட்டானியம் கோட்டிங்’, ‘டைட்டானியம் ஸ்டீல்’ என்றெல்லாம் இருந்தால் உள்ளே எஃகோ பித்தளையோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் எடுத்தாலே ஓரளவு தெரியும். ஒரு கன சென்டிமீட்டர் டைட்டானியம் சுமார் 4.4 கிராம், எஃகு சுமார் 8 கிராம். காந்தம் வைத்துப் பார்க்காதீர்கள், ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்று விற்கும் 316 எல் எஃகும் காந்தத்தில் ஒட்டாது.

தில்லைக் கடைக்காரர்:
எல்லாரும் சேர்ந்து கவரிங்கைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள். சிதம்பரம் கவரிங் என்றால் ஊர் உலகத்துக்கே தெரியும். எங்கள் கடையில் இரண்டு தலைமுறையாக வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள், ஒருவரும் காதைக் காட்டிச் சண்டைக்கு வந்ததில்லை. ஒத்துக்கொள்ளாதவர்கள் தண்டில் நிறமில்லாத நெயில் பாலிஷ் இரண்டு கோட் அடித்துப் போடட்டும். நம்மூர்ப் பெண்கள் எல்லாரும் செய்வதுதான்.

மாயவரம் சிஸ்டர்:
நெயில் பாலிஷ் மரையில் எத்தனை நாள் நிற்கும் அண்ணே? நான்கு முறை திருகினால் உரிந்துவிடும். சித்திரை வெயிலில் கழுத்தும் காதும் நனைந்தே கிடக்கிற ஊர் நம்முடையது.

கவரிங் எல்லாருக்கும் ஆகாது என்று யாரும் சொல்லவில்லை. முலாமுக்கு அடியில் பல இடங்களில் நிக்கல் பூச்சு இருக்கும். தங்கப் பூச்சு தேய்ந்ததும் அது தோலைத் தொடும். வியர்வை பட்டு நிக்கல் கரைந்து உள்ளே போகும். பலருக்கு ஒன்றும் ஆகாது. சிலருக்கு உடம்பு அதை எதிரியாகக் குறித்துக்கொள்ளும். அப்படிக் குறித்துக்கொண்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க மறக்காது. காது குத்துகிற பழக்கம் உள்ள இடங்களில் பெண்களுக்கு நிக்கல் ஒவ்வாமை அதிகம் வருவதற்கு இதுவே காரணம். தொட்ட உடனே தடிக்கிற வகை இல்லை இது. ஓரிரு நாள் கழித்துத்தான் அரிக்கும். அதனால் ‘நேற்று போட்டேன், ஒன்றும் ஆகவில்லை’ என்பது சோதனை ஆகாது. தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் செய்தால் ஒவ்வாமை தரும் பொருள்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்துப் பிரித்துப் பார்ப்பார்கள், அப்புறம் இன்னொரு முறையும் பார்ப்பார்கள்.

‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ பற்றியும் ஒரு வார்த்தை. 316 எல் எஃகில் 10 முதல் 14 சதவீதம் நிக்கல் இருக்கிறது. இறுகப் பிணைந்திருப்பதால் வெளியே வருவது குறைவு. ஆறிய காதுக்குப் பலர் போடுகிறார்கள். ஏற்கனவே ஒவ்வாமை வந்த பெண்ணுக்கு, அதுவும் பச்சைப் புண்ணில் போட, நான் சொல்ல மாட்டேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் துளைக்குள் போகும் தண்டிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. தோலைத் தொடும் மற்ற நகைகளுக்கு 0.5. துளைக்கு மட்டும் ஏன் இவ்வளவு கறார் என்று யோசியுங்கள்.

பட்டறைப்பிள்ளை, கும்பகோணம்:
சிஸ்டர் சொன்னதெல்லாம் நிக்கலைப் பற்றி. நான் சொல்வதும் அதேதான். தங்கத்தில் நிக்கல் இல்லை. உங்கள் லேத் அண்ணன் புகழும் எஃப் 136இல் 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம். வனேடியம் காதுக்கு நல்லதா? அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

துவாக்குடி லேத்:
இருக்கிறது, மறைக்கவில்லை. அந்த ஆக்சைடு படலம் மூடியிருப்பதால் வெளியே வருவது மிகச் சொற்பம். மனசு ஒப்பவில்லை என்றால் எஃப் 67 வாங்கலாம், அதில் வனேடியமே கிடையாது. நியோபியம் என்ற வேறோர் உலோகத்திலும் ஸ்டட் வருகிறது.

இப்போது என் முறை. 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். குழந்தைத் தோடு, இரண்டாம் துளைக்குப் போடும் பொட்டுத் தோடு எல்லாம் எத்தனை கிராம்? பெரிய தோட்டுக்கு எச்யுஐடி என்ற ஆறு எழுத்து ஹால்மார்க் அடையாளக் குறி வாங்கித் தருவீர்கள். காதுக்குள் நாள் முழுக்க இருக்கிற சின்னதுக்கு உங்கள் வாய்ச்சொல்தானே அத்தாட்சி?

பட்டறைப்பிள்ளை, கும்பகோணம்:
கட்டாயமில்லை என்றால் போடக்கூடாது என்று அர்த்தமில்லை. கேட்டால் போட்டுத் தருகிற கடைகள் இருக்கின்றன.

சரி, தொழில் ரகசியத்தை நானே சொல்கிறேன், வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். பார்க்க வேண்டியது தோட்டின் முகத்தை அல்ல, பின்பக்கத் திருகையும் அது ஏறுகிற சுரையையும். 22 கேரட் மெத்தென்று இருக்கும், மரை சீக்கிரம் வழுக்கிவிடும். அதனால் சில பட்டறைகளில் தண்டை மட்டும் மட்டம் குறைந்த தங்கத்தில் செய்வது உண்டு. பொடி வைத்து ஊதிப் பற்றவைத்த இடத்திலும் வேறு உலோகம் கலந்திருக்கும். ஒரு காலத்தில் கேடிஎம் என்று சொல்லிக் காட்மியம் போட்டார்கள், அது உடம்புக்கு ஆகாது என்று பிறகு ஒதுக்கினார்கள். பழைய நகையை அழித்துச் செய்ததில் இன்னும் இருக்கலாம். ஆகவே தோடு வாங்கும்போது ‘தண்டும் சுரையும் என்ன மட்டம்’ என்று கேளுங்கள். கேரட் மீட்டர் இருக்கும் கடையில் தண்டைத் தனியாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், நிமிடத்தில் தெரிந்துவிடும். இவ்வளவும் பார்த்து வாங்கினால் டைட்டானியத்துக்கு என்ன அவசியம்?

மன்னை மாமி:
எங்கள் காலத்தில் குத்தின மறுநாளே வேப்பங்குச்சியைச் சொருகி, தேங்காய் எண்ணெய் தொட்டு வைப்பார்கள். ஒரு பைசா செலவில்லை. இதற்குப் போய் சர்டிபிகேட்டா?

மாயவரம் சிஸ்டர்:
மாமி, வேப்பங்குச்சியில் நிக்கல் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். கிருமி இருக்கிறதே. புறக்கடையில் ஒடித்த குச்சியை யார் கொதிக்க வைத்தார்கள்? அந்தக் காலத்தில் சீழ் பிடித்த காதுகளைப் பற்றியும் சொல்லுங்கள்.

மன்னை மாமி:
பிடித்தது. மஞ்சள் வைத்தார்கள். எனக்கு இடது காது ஓட்டை கோணல்தான்.

வெட்டாற்றங்கரை:
மாமி, சிரித்துவிட்டேன். பட்டறைப்பிள்ளை தம்பி, தண்டு விஷயம் சொன்னதற்கு நன்றி, இதை எந்தக் கடையிலும் சொன்னதில்லை. ஆனால் புதுத் துளைக்கும் தங்கமே போடலாம் என்கிறீர்களா? இவள் பாத்ரூமில் கழற்றி வைத்தால் திரும்பி வராது. இன்னொன்று, வாங்கியதை இவளே லேபில் சோதித்துப் பார்க்க முடியுமா?

துவாக்குடி லேத்:
வேதியியல் மாணவிக்கு வழி இருக்கிறது. நிக்கல் மதிப்பீட்டுக்கு டைமெதில்கிளையாக்சிம் லேபில் வைத்திருப்பார்கள். அதையும் அம்மோனியாவையும் பஞ்சில் தொட்டு உலோகத்தில் தேய்த்தால், நிக்கல் வெளியேறுகிற பொருள் என்றால் பஞ்சு இளஞ்சிவப்பாகும். சார் அனுமதியோடு செய்யச் சொல்லுங்கள், அந்த ஸ்டட்டை நன்றாகக் கழுவாமல் காதில் போட வேண்டாம். சிவக்கவில்லை என்பதால் டைட்டானியம் என்று ஆகிவிடாது. நல்ல 316 எல் எஃகும் இதில் தப்பித்துவிடும். மேலே பூச்சு முழுசாக இருந்தால் அடியில் இருப்பதும் தெரியாது. மோசமானதைக் கழிக்க உதவும், அவ்வளவே.

கலர் ஸ்டட் பார்த்துப் பயப்பட வேண்டாம். டைட்டானியத்தில் நீலம், ஊதா, பொன் நிறமெல்லாம் மின்சாரம் செலுத்தி அந்த ஆக்சைடு படலத்தைத் தடிப்பாக்கிக் கொண்டு வருவது. சாயம் கிடையாது. கருப்பு மட்டும் பெரும்பாலும் தனிப் பூச்சு.

மாயவரம் சிஸ்டர்:
உலோகத்தைப் பற்றியே இத்தனை பேச்சு. எதைக் கொண்டு குத்தப் போகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஃபேன்சி ஸ்டோரில் துப்பாக்கி வைத்து அடிப்பதை மேல்காதுக்கு ஒருபோதும் வேண்டாம். குருத்தெலும்பில் ரத்த ஓட்டம் குறைவு. மொட்டை முனையால் நசுக்கிக்கொண்டு போகிற ஸ்டட் அங்கே பெரிய சேதம் செய்யும், அந்தத் துப்பாக்கியை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைக்கவும் முடியாது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும், உள்ளே துளையுள்ள ஊசியால் குத்துகிறவரிடம் போங்கள். கீழ்மடல் ஆற 6 முதல் 8 வாரம். மேல்காது 6 மாதத்திலிருந்து ஒரு வருடம்கூட எடுக்கும். ஒரு நாளைக்கு இரண்டு முறை சலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்) தெளித்தால் போதும். எண்ணெய், மஞ்சள், டெட்டால் எதுவும் வேண்டாம். திருகித் திருகிச் சுற்றிவிடுவதும் வேண்டாம், ஆறுகிற தோலைக் கிழிக்கிற வேலை அது.

துவாக்குடி லேத்:
அதனால்தான் அமைப்பும் முக்கியம். நம் திருகாணித் தோட்டில் மரை வெளியே இருக்கும். புதுத் துளைக்குள் போகும்போது ஒவ்வொரு மரையும் சதையைச் சுரண்டும். பின்பக்கம் தட்டையாக, தண்டு வழவழப்பாக, முகப்பு உள்ளே செருகுவதோ உள்மரை உள்ளதோ வாங்குங்கள். ‘ஃப்ளாட் பேக்’ என்று தேடினால் வரும். கீழ்மடலுக்கு 1 மில்லிமீட்டர் தடிமன் பொதுவாகச் சரி, மேல்காதுக்கு 1.2 போடுவார்கள். முதலில் வீங்கும் என்பதால் கொஞ்சம் நீளமான தண்டு, வீக்கம் வடிந்ததும் குட்டையாக மாற்ற வேண்டும். பட்டாம்பூச்சி மாதிரி பின்பக்கக் கவ்வி அழுக்கைச் சேர்த்து வைக்கும், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

தில்லைக் கடைக்காரர்:
மேல்காது ஒன்றுக்கு இவ்வளவு என்றால் குத்தாமலே இருக்கலாமே.

பட்டறைப்பிள்ளை, கும்பகோணம்:
மேல்காதுக்குத் தங்கம் போடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். நம்மூர்த் திருகு அந்த இடத்துக்குச் செய்ததல்ல, கனமும் அதிகம். உள்மரை வைத்துத் தங்கத்தில் கேட்டால் எங்கள் பட்டறையில் செய்து தருவோம், ஆனால் கூலியைக் கேட்டு அக்கா எழுந்து போய்விடுவார். பழைய கீழ்த்துளை விஷயத்தில் மட்டும் என் பேச்சு மாறாது. அந்தக் காது தங்கத்தில் வருடக்கணக்காக நன்றாக இருந்தது. அதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

மாயவரம் சிஸ்டர்:
இருந்தது, தம்பி. இப்போது புண்ணாக இருக்கிறது. அதோடு தங்கமே ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. அமெரிக்கத் தொடுதோல் ஒவ்வாமைச் சங்கம் 2001இல் அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாகத் தங்கத்தைத்தான் அறிவித்தது. நிக்கலுக்கு 2008இல்தான் அந்த முறை வந்தது. இவளுக்கு அப்படி இருக்க வாய்ப்பு குறைவு. இருந்தாலும் நீர் வடிவது நிற்காமல் தங்கமும் வேண்டாம், டைட்டானியமும் வேண்டாம். கழற்றிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். பழைய ஓட்டை, பெரும்பாலும் சில வாரத்தில் தூர்ந்துவிடாது. புதுத் துளை இரண்டும் அதற்குப் பிறகு. குத்திய பின் மேல்காது முழுக்கச் சிவந்து, சூடாகி, தொட்டால் வலித்தால் அன்றைக்கே போக வேண்டும், மறுநாள் என்று தள்ளக்கூடாது.

வெட்டாற்றங்கரை:
அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கழற்றி வைக்க மட்டும் ஒப்புக்கொண்டார், அதுவும் வெள்ளிக்கிழமை கழித்து. எஃப் 136 சர்டிபிகேட் கேட்டு இரண்டு கடைக்கு எழுதியிருக்கிறேன். ஒருவர் அட்டையின் படத்தையே திருப்பி அனுப்பினார். இன்னொருவர் அனுப்பியதில் ஹீட் எண், வேதியல் அளவு எல்லாம் இருக்கிறது. லேத் அண்ணன், தனிச்செய்தியில் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள். பட்டறைப்பிள்ளை தம்பி, பழைய தங்கத் தோட்டின் தண்டை எடுத்துக்கொண்டு வருகிறேன், கேரட் மீட்டரில் வைத்துக் காட்டுங்கள்.

பட்டறைப்பிள்ளை, கும்பகோணம்:
சுரையையும் மறக்காமல் எடுத்து வாருங்கள் அக்கா. சனிக்கிழமை காலையில் வந்தால் கூட்டம் இருக்காது.