கிராவல் குழிக் கரை சரிகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். பண்ருட்டி பக்கம் செம்மண் மேட்டில் எங்களுக்கு மூன்று ஏக்கர். 2011 தானே புயலில் முந்திரி அத்தனையும் சாய்ந்தது. அப்புறம் கிராவல் (சரளைச் செம்மண்) எடுக்கக் குத்தகைக்கு விட்டோம். அது முடிந்து இரண்டு வருடமாகிறது. மூடித் தருவதாகச் சொன்னவர் ஓரமாக நாலு லோடு மண்ணைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

இப்போது ஒன்றேகால் ஏக்கரில் 18 அடிக் குழி. அடியில் களிமண் தட்டிவிட்டதால் ஐப்பசி மழைத் தண்ணீர் மாசி வரை இறங்குவதில்லை. பால் டீ நிறம். பாட்டிலில் பிடித்து நான்கு நாள் வைத்தேன். அடியில் விரல் கனம் சேறு, மேலே இன்னும் கலங்கல்தான். கிழக்குக் கரை செங்குத்து. மழைக்கு மழை கட்டி கட்டியாக விழுந்து, ஓரத்துப் பலா மரத்தின் வேர் வெளியே தொங்குகிறது.

5 எச்பி டீசல் இன்ஜின் வைத்து இறைத்தேன். கீழ்க்காட்டுக்காரர் வயலில் செம்மண் படிந்து சண்டை வந்ததுதான் மிச்சம். கரையில் வெட்டிவேர் நட்டேன், பாதிகூடப் பிழைக்கவில்லை. மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைக்கச் சொல்லியிருக்க வேண்டும், புத்தி அப்போது வரவில்லை. ஆடு மேய்க்கும் பிள்ளைகள் வருவதால் கம்பி வேலி மட்டும் போட்டாயிற்று.

முழுக்க மூட மண் வாங்கக் கட்டுபடியாகாது. கிழக்குக் கரையைப் படிப்படியாக வெட்டி, குழியைப் பாசனக் குட்டையாக வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். இதே செம்மண்ணில் செய்தவர்கள் சொல்லுங்கள்: கரை நிற்க ஒவ்வொரு படிக்கும் எத்தனை அடி உயரம், எத்தனை அடி அகலம் விட்டீர்கள்?