பூவுக்குள்ள சாம்பல் பூஞ்சணம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கோ

ஸ்காபரோ நாலுகண்டு

போன செப்டெம்பர் 26. வீட்டில வைச்ச நாலு கஞ்சாக் கண்டில மூண்டாவது, வேலியோரம் நிண்டது. பகலில நல்ல வெயில், இரவில பனி, காலமை எழும்பிப் பாத்தால் இலையெல்லாம் கழுவி விட்ட மாதிரி நனைஞ்சு கிடக்கும். நடுக்கொத்து என்ர முன்கை மொத்தம். அதில ஒரேயொரு சின்ன இலை மட்டும் மஞ்சளாய் நீட்டிக்கொண்டு நிண்டுது. நுனியில பிடிச்சன். இழுக்கவே தேவையில்லை, வேரில்லாத புல்லு மாதிரிக் கையோட வந்திட்டுது. அடி பழுப்பு. ரெண்டு கையாலயும் கொத்தை விரிச்சன். உள்தண்டு கறுத்து நொழுநொழுத்து, அதைச் சுத்தி எலிமயிர் மாதிரிச் சாம்பல். விரிச்ச உடன வெயிலுக்குள்ள ஒரு புகை எழும்பி என்ர முகத்துக்கு நேர வந்தது.

இதை ஏன் எழுதிறன் எண்டால், அந்தக் கண்டு அக்காவுக்காக வைச்சது. கீமோ. வாயில ஒண்டும் வைக்கேலாது, சத்தி. டொக்டருக்குத் தெரிஞ்சுதான் கடையில வாங்கினதை எடுத்துக்கொண்டிருந்தவ. வீட்டில வளர்த்தால் சுத்தமாய் இருக்கும், காசும் மிஞ்சும் எண்டு சொன்னது நான்தான். அதே கண்டின்ர கீழ்க்கொப்பில 21ஆம் திகதி ஒரு சின்னப் பூவை வெட்டி, ஹீற்றர் காத்து வாற வாயில வைச்சு அவசரமாய்க் காய வைச்சு, ரெண்டு தரம் குடுத்திட்டன். அதுக்குள்ளயும் இருந்திருக்குமோ? பாத்தனான், ஒண்டும் தெரியேல்ல. ஆனால் 26ஆம் திகதி வெளியில இருந்து பாக்கேக்கயும் ஒண்டும் தெரியேல்லத்தானே.

பிறகு கிளினிக்கில நேர்ஸிட்டக் கேட்டன். வெள்ளையணு குறைஞ்சு இருக்கிற ஆளுக்கு வீட்டுப் பூ வேண்டவே வேண்டாம், பூஞ்சண வித்து சுவாசப்பைக்குள்ள போனால் பெரிய ஆபத்து எண்டு சொன்னா. அண்டைக்கு இரவு நான் நித்திரை கொள்ளேல்ல. ஆருக்காவது இப்பிடி நடந்திருக்கா?

சர்ரே பொள்ளாச்சிக்காரன்

படிச்சதும் வயித்தைப் பிசையுதுங்க. அக்கா இப்ப எப்படி இருக்காங்க?

இங்க கனடால பிரிட்டிஷ் கொலம்பியா பக்கம், செடி ரோட்டுல போறவங்க கண்ணுல படக்கூடாதுன்னு சட்டம். அதனால வீட்டுக்குப் பின்னாடி, ஷெட்டுக்கும் வேலிக்கும் நடுவுல ஒரு மூலைல வெச்சேன். அந்த மூலைக்குக் காத்தே வராதுன்னு அப்ப தோணலை. அக்டோபர் முதல் வாரம் மழை பிடிச்சுது. பயந்துபோய் தெளிவான பாலித்தீன் ஷீட்டை எடுத்து நாலு பக்கமும் தரை வரைக்கும் இழுத்துச் சுத்தினேன். ஒரு சொட்டு மழை படலை, சந்தோஷமா தூங்கப் போனேன்.

காலைல ஷீட்டைத் தூக்கறேன், இட்லிக் கொப்பரை மூடியைத் தொறந்த மாதிரி உள்பக்கம் பூரா வேர்த்துச் சொட்டிட்டு இருக்கு. செடி விடற ஈரம் வெளிய போக வழியே இல்லை. அஞ்சு நாள்ல மூணு செடி போச்சு. வெளிய விட்டிருந்த ஒரு செடி, மழைல நனைஞ்சதுதான், அது பாதிக்குப் பாதி பிழைச்சுது! இன்னிக்கும் எனக்கு ஆறலைங்க. மழை கொன்னிருந்தா மழைன்னு விட்டிருப்பேன். நான் மூடினதுதான் கொன்னுது.

இப்ப ஷீட் மேல மட்டும்தான், கூரை மாதிரி சாய்ச்சு, நாலு பக்கமும் தொறந்து. ரகத்தையும் மாத்திட்டேன். வெளிச்ச நேரத்தைப் பார்க்காம, முளைச்சு மூணு மாசத்துக்குள்ள தானாப் பூத்து முடிக்கற ஆட்டோ ரகம். மே கடைசில போட்டா ஆகஸ்ட்ல வெட்டிடலாம். எங்க பக்கம் ஆகஸ்ட் வரைக்கும் மழை கம்மி.

ஹாலிஃபாக்ஸ் கடலோரம்

2022 செப்டெம்பர் 23, வெள்ளி. ஃபியோனா புயல் விடியப்புறம் கரை தட்டும் எண்டு ரேடியோ கத்துது. பூ முத்த இன்னும் பத்து நாள் வேணும். விட்டால் முறிஞ்சு போகும். இருட்டுக்குள்ள தலையில லைட்டைக் கட்டிக்கொண்டு நாலையும் அடியோட அரிஞ்சு பேஸ்மென்ற்றில கயிறு கட்டித் தூக்கினன். ஒரு பூஞ்சணமும் இல்லை. சுத்தமான பூ.

விடியக் கரண்ட் இல்லை. அண்டைக்கு எங்கட மாகாணத்தில லட்சக்கணக்கான வீடு இருட்டு. எங்களுக்கு ஆறு நாள். ஃபான் இல்லை, ஈரத்தை இழுக்கிற டீஹியூமிடிஃபையர் இல்லை, பேஸ்மென்ற் சுவர் கசியுது. நாலாம் நாள் படியில இறங்கேக்க ஒரு மணம் அடிச்சது, நனைஞ்ச சணல் சாக்கு மணம். அதோட விளங்கிட்டுது.

அப்பப்பா ஊரில புகையிலை வைச்சவர். குடிலுக்குள்ள தூக்கின இலையை ஒவ்வொண்டாய் விரலால நீவிப் பாப்பார். நான் சின்னப் பெடியன், ஏனப்பா வெட்டின பிறகும் இந்தப் பாடு எண்டு கேட்டனான். "வெட்டினது பாதி வேலைதான் மோனை" எண்டார். அந்த மணத்துக்குள்ள நிண்டு அதைத்தான் நினைச்சன். இங்க எல்லாரும் செடியில நிக்கிற பூவைப் பற்றியே எழுதிறியள். எனக்குக் கயிற்றில தொங்கேக்கதான் போனது.

மார்க்கம் தோட்டம்

எனக்கும் 2019இல ஒருக்கா வந்தது, ரெண்டு கொத்து. வெட்டி எறிஞ்சன், மிச்சம் தப்பினது. அதுதான் என்ர கதை. ஆனால் மேல எழுதினதில சிலதைத் திருத்த வேணும்.

சர்ரேத் தம்பி ஆட்டோ ரகம்தான் மருந்து எண்ட மாதிரி எழுதுறார். ஒன்ராறியோவில ஆகஸ்டிலயும் ஈரலிப்புத்தான். ஆட்டோ சின்னக் கண்டு, பூவும் சிறிசு, மழைக்கு முந்தி முடியும், அது சரி. ஆனால் ஆகஸ்டில ஒரு கிழமை மப்பும் தூறலும் பிடிச்சால் அதுவும் அழுகும். ரகத்தை மாத்தினால் பூஞ்சணம் வராது எண்டு புதுசாய் வைக்கிற ஆக்கள் நம்பக் கூடாது.

இது பொற்றிரைற்றிஸ் சினெரியா. முந்திரிகைக் (திராட்சை) குலையையும் ஸ்ட்ராபெரியையும் அழுக்கிறதும் இதுதான். 20 பாகை அளவு குளிர்ச்சி, ஈரலிப்பு 85 நூற்றுவீதத்துக்கு மேல, பூவுக்குள்ள சில மணித்தியாலம் காயாத தண்ணி, இது மூண்டும் சேர்ந்தால் வித்து முளைக்கும். எங்கட செப்டெம்பர் இரவு அப்பிடியே இதுதான். வித்து காத்தில எங்கயும் இருக்கு, அதைத் தடுக்கேலாது. பூ காயிற நேரத்தைக் குறைக்கிறதுதான் எங்கட கையில இருக்கிறது.

ஜூலையிலயே கண்டின்ர நடுவைத் திறந்து விடுங்கோ. உள்ளுக்க வெயில் காணாத கொப்பு, தரையைத் தொடுற இலை எல்லாத்தையும் எடுங்கோ. கண்டுக்குக் கண்டு ஒரு ஆள் கையை விரிச்சுக்கொண்டு நடக்கிற இடைவெளி வேணும். தண்ணி காலமை மட்டும், அடியில மட்டும். இரவு பனி பெய்தால் விடிய எழும்பித் தண்டைப் பிடிச்சு மெதுவாய் உலுப்பி விடுங்கோ, நான் கோப்பி குடிக்க முந்தி இதைத்தான் செய்யிறனான். கொத்தில சின்னக் கறுப்பு மணி மாதிரிக் கண்டால் அது புழு எச்சம். உடன விரிச்சுப் பாருங்கோ. புழு துளைச்ச இடத்தாலயும் பூஞ்சணம் இறங்கும், கனபேர் மழையைத் திட்டிக்கொண்டு புழுவை விட்டிடுவினம். வெட்டேக்க பழுதுக்குக் கீழ ஒரு சாண் விட்டு வெட்டுங்கோ. வெட்ட முந்தி ஒரு பையால கொத்தை மூடுங்கோ, இல்லாட்டி அந்தப் புகை மற்றக் கண்டுக்குப் போகும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரிக்கோலை அல்கஹோலால துடையுங்கோ.

காய வைக்கிற அறை இருட்டு, 18 பாகை அளவு, ஈரலிப்பு 55இல இருந்து 60. ஃபான் பூவில நேர அடிக்கக் கூடாது. பத்து நாள் அளவில மெல்லிய கொப்பு வளையாமல் டக்கெண்டு முறியும், அதுக்குப் பிறகுதான் போத்தல். ஸ்காபரோத் தம்பி ஹீற்றர் வாயில வைச்சது பெரிய பிழை. வெளித்தோல் காஞ்சு உள்ளீரம் அப்பிடியே நிக்கும்.

சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில பேராசிரியர் ஜமீர் புஞ்சா கஞ்சாச் செடிக்கு வாற நோய்களைப் பற்றிக் கனக்க எழுதியிருக்கிறார். தேடி வாசியுங்கோ. இன்னும் தேவையெண்டால் பூக்கிறதுக்கு முந்தி ஏதும் மருந்து அடிக்கலாம், முந்திரிகைக்கு அடிக்கிறது நல்லாய்ப் பிடிக்கும்.

ஸ்காபரோ நாலுகண்டு

ஐயா, நன்றி. நான் எப்பிடி வளக்கிறது எண்டு கேக்கேல்ல. ஹீற்றர் பிழை எண்டு எனக்குத் தெரியும். அதுதான் நித்திரை வருகுதில்லை.

மிசிசாகா வீட்டுக்காரி

மார்க்கம் ஐயா, கடைசி வரியை தயவுசெய்து எடுத்துடுங்க. கோபத்துல சொல்லலை, பயத்துல சொல்றேன்.

எங்கப்பா கம்பம் பக்கம் திராட்சை போட்டவர். எங்ககூட இருக்க வந்த வருஷம் எங்க செடில வெள்ளையா மாவு படிஞ்சுது. அந்த மாவுக்குத் திராட்சைல சாம்பல் நோய்னு பேரு, அவருக்கு அது கைவந்த விஷயம். நயாகரால திராட்சை வெச்சிருக்கற ஒரு தெரிஞ்சவர்கிட்ட ஒரு பொட்டலம் வாங்கிட்டு வந்துட்டார். நான் வேலை விட்டு வரேன், பின்கட்டுல ஸ்ப்ரேயரைத் தோள்ல மாட்டிட்டு நிக்கறார். கண்ணுல அவ்ளோ சந்தோஷம், பொண்ணு வீட்டுல ஒரு வேலை செஞ்சு குடுக்கறோம்னு. ஓடிப்போய்ப் பொட்டலத்தை வாங்கிப் பார்த்தேன். மைக்ளோபியூட்டானில்னு ஒரு பூஞ்சைக்கொல்லி. அதைத் திராட்சைல கழுவிச் சாப்பிடலாம். எரிச்சு இழுத்தா அந்தச் சூட்டுல ஹைட்ரஜன் சயனைடுங்கற விஷ வாயு வரும். 2016 கடைசிலயும் 2017 தொடக்கத்துலயும், உரிமம் வாங்கி மருத்துவக் கஞ்சா வளர்த்தவங்க சரக்குலயே இந்த எச்சம் இருந்து திரும்ப எடுத்தாங்க. நோயாளிங்க இழுத்தது அது.

நாலு செடியையும் அப்பா கண்ணு முன்னாடியே பிடுங்கினேன். அவர் ஒண்ணும் சொல்லலை. ஸ்ப்ரேயரைக் கழட்டி வெச்சுட்டு உள்ள போய் உக்காந்துட்டார். நாற்பது வருஷம் பயிர் பார்த்த மனுஷன்கிட்ட நான் இன்னும் பொறுமையாச் சொல்லியிருக்கலாம். இப்ப அவர் இல்லை. சொல்ல முடியாது.

ஹம்பூர்க் பல்கனி

இங்க ஜேர்மனியில 2024 ஏப்ரல் 1 தொடக்கம் ஆளுக்கு மூண்டு செடி வைக்கலாம். வெள்ளைமாவும் சாம்பல் அழுகலும் ரெண்டு வேற சாமான், மேல எல்லாரும் கலக்கிறியள். மாவு இலைக்கு மேல வரும், அதுக்கு மழை தேவையில்லை, புழுங்கின காத்தே காணும். டொச்சில மேல்டவ் எண்டு சொல்லுவினம். நான் அதைப் பூவில வாற பிசின் பொடி எண்டு நினைச்சு ரெண்டு கிழமை சந்தோசமாய்ப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினனான். கீழ்வீட்டு அம்மா ரோசாப்பூ வைச்சிருக்கிறவ, ஒருநாள் வந்து பெருவிரலால இலையைத் தடவினா. விரல் வெள்ளையாச்சு, இலை பச்சையாச்சு. பிசின் எண்டால் ஒட்டும், அழியாது. பாலில தண்ணி கலந்து இலைக்கு அடிக்கச் சொல்லித் தந்தா, பூக்கிறதுக்கு முந்தி மட்டும். இலை தப்பினது. பூவில ஏறினதை எறிஞ்சன். அந்த விரலை அவ எனக்குக் காட்டின மாதிரி இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.

மார்க்கம் தோட்டம்

தங்கச்சி சொன்னது சரி. அந்த வரியை எழுதியிருக்கக் கூடாது. வாசிக்கிற எல்லாரும் அதை விடுங்கோ. முந்திரிகை மருந்து இதுக்கு வேண்டாம். அப்பாவைப் பற்றி எழுதினதை வாசிச்சுப்போட்டுக் கன நேரம் இருந்தன். நானும் ஒரு அப்பா. அவர் கோவிச்சிருக்க மாட்டார்.

ஒண்டு மட்டும் சேர்க்கிறன். ஊரில இருந்து வாசிக்கிற பிள்ளையள் இதைப் பாத்து ஒண்டும் வைக்காதேங்கோ, அங்க சட்டம் வேற.

மொன்றியால்

எங்களுக்குக் கியூபெக்கில ஒரு கண்டும் வைக்கேலாது. 2023இல உச்ச நீதிமன்றமும் அந்தத் தடை செல்லும் எண்டு தீர்த்திட்டுது. அதால என்ர அனுபவம் ஸ்ட்ராபெரியோடதான், பூஞ்சணம் அதே பூஞ்சணம். பெட்டியில ஒரு பழம் பிடிச்சால் மற்றதுகளும் வெளியில சிவப்பாய்த்தான் இருக்கும். அடுத்த நாள் பாருங்கோ. பழுதை வெட்டினால் மிச்சம் தப்பும் எண்டு மார்க்கம் ஐயா எழுதினதைச் சுகமான ஆளே யோசிக்க வேணும். வருத்தக்காரருக்கு அந்தக் கண்டில ஒண்டும் குடுக்கக் கூடாது எண்டுதான் நான் சொல்லுவன்.

சர்ரே பொள்ளாச்சிக்காரன்

அது சரிதாங்க. ஸ்காபரோ அண்ணா, அந்த வித்தைச் சூடு முழுசாக் கொல்லும்னும் நம்பிடக் கூடாது. அஸ்பர்ஜிலஸ்னு வேற ஒரு பூஞ்சணமும் காயாத பூவுல வரும், கீமோல இருக்கறவங்க நுரையீரலுக்கு அதுதான் மோசம். பயமுறுத்தச் சொல்லலை. ரெண்டு தரம் குடுத்ததை டாக்டர்கிட்டயே நேராச் சொல்லிடுங்க, நர்ஸ்கிட்டச் சொன்னதோட விடாதீங்க. இருமல், காய்ச்சல் வந்தா அவங்க எதைத் தேடணும்னு தெரியணும் இல்லையா.

ஸ்காபரோ நாலுகண்டு

சொல்லிட்டன். போன கிழமை, அக்காவுக்கு முன்னாலயே. டொக்டர் நெஞ்சுப் படம் எடுக்கச் சொன்னார், வியாழக்கிழமை. அக்கா காரில வரேக்க "நீ எனக்காண்டித்தானேடா வைச்சனீ" எண்டு மட்டும் சொன்னா. காய்ச்சல் இல்லை. சாப்பாடு கொஞ்சம் போகுது, கஞ்சி.

மற்ற மூண்டு கண்டும் அண்டைக்கே வெட்டிக் காய வைச்சனான், பழுது ஒண்டும் காணேல்ல. ரெண்டு பெரிய போத்தல் கராஜில கிடக்கு. அக்காவுக்குக் குடுக்கப் போறதில்லை. ஆனால் ஏப்ரலில முளை போட்டு, மே கடைசியில நட்டு, ஒவ்வொரு நாளும் தண்ணி ஊத்தினது. எறியக் கை வருகுதில்லை, திறந்து பாக்கவும் கை வருகுதில்லை.

ஹாலிஃபாக்ஸ் கடலோரம்

திறக்காமல் எறியுங்கோ தம்பி. நான் திறந்து பாத்தனான்.