நிகாயம் என்பதற்குத் 'தொகை'

அன்புடையீர், வணக்கம்.

விநயம், சுத்தம், அபிதம்மம் என்னும் மூன்று 'பிடகங்கள்' (கூடைகள்) கொண்ட பாலிமொழிப் பௌத்த மறைநூலான திரிபிடகம் பற்றிய தமிழ்ச் சொற்பட்டியலில், புத்தரின் உரைத் தொகுதிகளைக் குறிக்கும் 'நிகாய' என்பதற்குப் 'பிரிவு' என்று ஐயா இட்டிருப்பதை ஏற்க எனக்குத் தயக்கமாக உள்ளது. கொழும்பில் இருக்கும் நமக்கு நிகாய என்றதும் சியாம், அமரபுர, ராமஞ்ஞ என்னும் பிக்குமார் மரபுகளே நினைவுக்கு வரும். சென்ற மாதம் வெள்ளவத்தையில் நான் மெய்ப்புப் பார்த்த, சிங்களத்திலிருந்து பெயர்க்கப்பட்ட கையேடு ஒன்றில் 'தீகப் பிரிவைச் சேர்ந்த பிக்குகள்' என்றிருந்தது. மூலத்தில் இருந்ததோ 'தீகபாணகர்', அதாவது தீக நிகாயத்தை மனனம் செய்து ஓதியவர்கள்.

பிடகத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம். மதுரைக்காஞ்சியில் பூ வைத்திருக்கும் கூடை 'பிடகை'தான். ஆனால் விநயம் நம் காதுக்குப் பணிவாகவே ஒலிக்கிறது. பிக்குகளுக்கு 227, பிக்குணிகளுக்கு 311 என விதிகளையும், அவை எழுந்த சந்தர்ப்பங்களையும், துறவேற்பு, மழைக்காலத் தங்கல், சீவர ஆடை முதலிய சங்க நடைமுறைகளையும் கூறும் பகுதிக்கு 'ஒழுக்கம்' என்பதைவிட 'ஒழுங்கு' பொருந்தும்.

உரைகள் அடங்கிய சுத்த பிடகத்தின் ஐந்து நிகாயங்களுக்கும் என் பரிந்துரை 'தொகை'. குறுந்தொகை பெரும்பாலும் 4 முதல் 8 அடி, நற்றிணை 9 முதல் 12, அகநானூறு 13 முதல் 31 என அளவு பார்த்துப் பாடல்களைத் தொகுத்த மரபு நம்முடையது. தீகத்தின் 34 நீண்ட உரைகளும் மஜ்ஜிமத்தின் 152 நடுத்தர உரைகளும் அவ்வாறே அளவால் பெயர் பெற்றவை. தீகத்தை 'நெடுந்தொகை' என்றால் அகநானூற்றோடு மோதும் என்பதால் நெடுவுரைத் தொகை, இடையுரைத் தொகை என்கிறேன். ஐங்கந்தம் (உயிரை ஆக்கும் ஐந்து கூறுகள்), சார்பில் தோற்றம் (ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தோன்றுதல்) என்று பொருள்வாரியாக அடுக்கிய சம்யுத்தம் பொருட்டொகை. ஒன்று முதல் பதினொன்று வரை எண் ஏற ஏறப் போதனைகளை வரிசைப்படுத்தும் அங்குத்தரத்தை எண்ணேறு தொகை எனலாம். திரிகடுகமும் நான்மணிக்கடிகையும் சிறுபஞ்சமூலமும் படித்தவருக்கு அந்த எண்ணிக்கை முறை புதிதன்று. ஐந்தாவதான குத்தகத்துக்குச் சிறுநூல் தொகை. 423 பாக்கள் கொண்ட தம்மபதத்தோடு 547 ஜாதகங்களும் அதனுள் அடங்குவதால், சிறுமை பெயரில் மட்டுமே!

மூன்றாம் பிடகமான அபிதம்மத்துக்கு முன்மொழியப்பட்ட 'மேலறம்' அழகான சொல்தான். ஆயினும் அதன் ஏழு நூல்களும் பகுத்தாய்வது பெரும்பாலும் சித்தம், அதனுடன் எழும் மனக்கூறுகள், உருவம் முதலியவற்றை; அங்கே 'தம்மம்' அறம் அன்று, அனுபவத்தின் அடிப்படைக் கூறு. எனவே மூலச்சொல்லை அப்படியே வைத்துக்கொள்வதே நேர்மை.

அந்தக் கையேட்டு வரியை 'நெடுவுரைத் தொகை ஓதுவார்' என்று திருத்தி வைத்திருக்கிறேன். ஓதுவார் என்றதும் தேவாரம் நினைவுக்கு வருவது தடையாகுமா, துணையாகுமா என்று ஐயாவும் மற்றையோரும் கூறினால், இரண்டாம் மெய்ப்பில் சேர்த்துக்கொள்வேன்.