குழந்தைகளின் சைனஸ் தொல்லைக்கு மூக்குத்தண்டு வளைவுதான் காரணமா?

வெண்முகில்:
"மூக்குத்தண்டு வளைந்திருப்பதால்தான் குழந்தைகளுக்குச் சைனஸ் வருகிறது, அதை நிமிர்த்தாமல் மருந்து கொடுப்பது வீண்" என்று கருங்கல் நேற்று எழுதியதைப் படித்து எரிச்சலடைந்தேன். மூக்கை இரண்டாகப் பிரிக்கும் நடுச்சுவர்தான் மூக்குத்தண்டு; சிறிதும் வளையாத தண்டைக் காண்பதே அரிது. தண்டு வளைவு, மூக்கின் பக்கச்சுவரிலிருந்து நீளும் நடு மூக்குச்சதைக்குள் காற்று நிரம்பியிருப்பது போன்ற அமைப்பு வேறுபாடுகளுக்கும் நோயின் அளவுக்கும் உறுதியான தொடர்பு இல்லை என்றே குழந்தைகளின் சிடி ஸ்கேன்களை ஆராய்ந்த பல ஆய்வுகள் சொல்கின்றன.

கருங்கல்:
ஆய்வு இருக்கட்டும், அமைப்பைப் பாருங்கள். கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறையான கன்னச் சைனஸின் துளை அதன் அடியில் இல்லை, உட்சுவரின் மேற்பகுதியில் இருக்கிறது. அது திறக்கும் வழியோ மிகக் குறுகியது. வளைந்த தண்டு நடுச்சதையை அந்தப் பக்கம் நெருக்கினால் சளி எப்படி வெளியேறும்?

வெண்முகில்:
துளை மேலே இருப்பது எல்லா மனிதருக்கும் பொது. சளி அங்கே தானாக வடிவதில்லை. சவ்விலுள்ள நுண்ணிழைகள் அதைத் துளையை நோக்கி மேலே தள்ளுகின்றன. வைரஸ் தொற்றினால் சவ்வு வீங்கி, நுண்ணிழைகளும் செயலிழக்கும்போதுதான் சளி தேங்குகிறது. சிறு குழந்தைக்கு ஆண்டில் 6 முதல் 8 முறை சளி பிடிப்பது இயல்பு. வளைவு ஆண்டு முழுவதும் அப்படியே இருக்க, தொல்லை மட்டும் சளியோடு வந்து சளியோடு போவது ஏன்? இதற்குப் பதில் சொல்லுங்கள்.

தென்திசை:
திடீரென வரும் சைனஸைப் பேசுகிறீர்களா, மாதக்கணக்கில் நீடிப்பதையா?

கருங்கல்:
எதுவானாலும் வளைவு வளைவுதான்.

நித்திலம்:
என் மகனுக்கு 4 வயது. பகலிலும் இருமுகிறான், மூக்கொழுகல் இரண்டு வாரமாக நிற்கவில்லை. ஸ்கேன் எடுத்ததில் தண்டு வளைந்திருப்பது தெரிந்தது. நெற்றிச் சைனஸாக இருக்கும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார்.

வெண்முகில்:
பிறக்கும்போதே இருப்பவை கன்னச் சைனஸும், கண்களுக்கு இடையிலுள்ள சல்லடை எலும்புச் சைனஸும்தான். நெற்றிச் சைனஸ் பெரும்பாலும் 7, 8 வயதுக்குப் பிறகே குறிப்பிடத்தக்க அளவுக்கு வளர்கிறது. சளி 10 நாட்களைக் கடந்தும் குறையவில்லை என்பதே இங்கே முக்கியம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். சாதாரணச் சளியிலும் சைனஸ் மங்கலாகத் தெரியும் என்பதால், சிக்கலில்லாத நிலையில் ஸ்கேன் வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமியின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதலே கூறுகிறது. கண்ணைச் சுற்றி வீங்கினால் மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

கருங்கல்:
கண் ஏன் வீங்குகிறது? சல்லடைச் சைனஸுக்கும் கண்குழிக்கும் இடையிலுள்ள சுவர் காகிதம்போல் மெலிந்திருப்பதால்தானே? அது அமைப்பு இல்லையா? தேவைப்படும்போது மட்டும் அமைப்பை ஏற்றுக்கொள்கிறார், வளைவு என்றால் மறுக்கிறார்.

வெண்முகில்:
மெல்லிய சுவர் தொற்று எங்கே பரவும் என்பதைத் தீர்மானிக்கிறது, யாருக்குத் தொற்று வரும் என்பதை அல்ல. சைனஸ் தொல்லை திரும்பத் திரும்ப வரும் குழந்தையிடம் முதலில் பார்க்கவேண்டியது மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு என்ற சதைத்திரளை. பெரிதாக இல்லாதபோதும் அது கிருமிகளுக்குப் புகலிடமாகலாம். ஒவ்வாமை, நோயெதிர்ப்புக் குறைபாடு, நுண்ணிழைகளின் பிறவிக் கோளாறு ஆகியவற்றையும் ஆராயவேண்டும். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, முகம் வளரும் வயதில், அந்த வளர்ச்சியில் பங்குள்ள மூக்குத்தண்டின் குருத்தெலும்பில் கத்தி வைக்கச் சொல்வது எனக்குக் கோபமூட்டுகிறது.

கருங்கல்:
அடினாய்டும் மூக்கின் அமைப்புதான். ஆக, நான் சொன்னதையே சொல்கிறீர்கள்.

வெண்முகில்:
நீங்கள் சொன்னது அடினாய்டை அல்ல, வளைவை. சளி இல்லாத மாதங்களில் அந்த வளைவு என்ன செய்துகொண்டிருந்தது என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

கருங்கல்:
துளை அடைபடக் காத்திருந்தது. வளைவுதான் காரணம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.