வீதிக்கரை வீட்டு முகப்பு: மதிலா, உயிர்வேலியா?

கிளிநொச்சி மகள்:
எங்கள் வீடு இந்திய வீட்டுத்திட்டத்தின் 550,000 ரூபா உதவியோடு கட்டப்பட்டது. அந்தப் பணத்தில் கூரை வரை ஏற்றியதே பெரிய காரியம் என்பதால், முன்சுவர்ப் பூச்சையும் வாசல் படலையையும் பிறகு பார்க்கலாம் என்று விட்டது இன்றுவரை அப்படியே கிடக்கிறது. இப்போது கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. வீதிப்பக்கம் மதில் கட்டி இரும்புக் கேற் போடுவதா, வேலியை அடைத்துவிட்டு வீட்டின் முகத்தைத் திருத்துவதா?

மாங்குளத்தான்:
மதிலையே கட்டுங்கள், தங்கை. ஓலை வேலியைக் கறையான் தின்றுவிடும். அடைப்பதற்கு ஆள் பிடிப்பதும் இப்போது எளிதல்ல. கட்டாக்காலி மாடு ஓர் இரவு உள்ளே புகுந்தால் நீங்கள் வைத்த பூஞ்செடி ஒன்றும் மிஞ்சாது. மதிலும் கேற்றும் இருந்தால்தான் வீடு முடிந்த வீடாகத் தெரியும்.

பூவரசு:
நான் உடன்படவில்லை. ஆறடி மதில் எழுந்தால் வீதியில் நிற்பவருக்கு வீடே தெரியாது. அத்திவாரத்துக்கும் தூணுக்கும் பணம் கரைந்து, பூச்சில்லாத சீமெந்துக் கல் சாம்பல் நிறத்தில் நிற்பதை ஏ9 வீதியோரம் எத்தனை இடங்களில் பார்க்கிறோம்! முதலில் சுவரின் அடியைப் பாருங்கள். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை கூரைத் தண்ணீர் வெறும் செம்மண்ணில் விழுந்து தெறிப்பதால், முழங்கால் உயரத்துக்குச் சுவர் சிவந்துபோகிறது. கூரை நீர் விழும் கோட்டில் இரண்டடி அகலத்துக்குச் சல்லி பரப்பி, இயலுமானால் கூரை நீரை ஏந்தும் பீலியும் பூட்டுங்கள். அதைச் செய்யாமல் அடிக்கும் பெயின்ற் அடுத்த மாரியிலேயே பழுதாகிவிடும். பூச்சை மழை ஓய்ந்த பின் தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள். பூசிய சுவரை ஒரு கிழமை நனைத்து, பின் ஏறத்தாழ நான்கு கிழமை காயவிட்ட பிறகே நிறம் அடிக்க வேண்டும். ஈரச்சுவரில் அடித்தால் வெள்ளை உப்புப் பூத்து நிறம் உரியும். மேலே இளமஞ்சள், அடியில் இரண்டடிக்குக் கடும் மண்ணிறம் என்றால் சோளகக் காற்றின் புழுதியும் எடுபடாது.

மாங்குளத்தான்:
சுவரைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் பெண்கள் தனியாக இருக்கும் வீடுகள் வன்னியில் ஏராளம். அவர்களுக்கு அழகை விட மறைப்பு முக்கியம் என்பதை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை.

பூவரசு:
ஐயா, அதை நான் இலேசாக எடுக்கவில்லை. ஆனால் உயர்ந்த மதில் ஏறிக் குதித்தவனையும் அயலவர் கண்ணிலிருந்து மறைத்துவிடும். முதல் மழையோடு கிளுவை, சீமைக்கிளுவைக் கதியால்களை (நட்டால் வேர்விட்டுத் தழைக்கும் தடிகளை) நெருக்கமாக ஊன்றி, ஐந்து வரி முட்கம்பி இழுத்தால் மாடு நுழையாது. வேர்விட்ட கதியாலைக் கறையான் அணுகுவதும் குறைவு. தறிக்கும் குழை ஆட்டுக்கும் தென்னைக்கும் உதவும். படலையடியில் ஒரு போகன்வில்லா வையுங்கள். வேர் பிடித்துவிட்டால் ஆவணி வெயிலையும் அது தாங்கும்.

மாங்குளத்தான்:
ஆடு நுழையுமே! கதியால் தழைத்து அடரும் வரையாவது அடியில் கம்பிவலை வேண்டும். கேற்றை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

கிளிநொச்சி மகள்:
அப்படியானால் வேலிக்குக் கதியாலும் கம்பிவலையும், வாசலுக்கு இரண்டு தூணும் ஒரு கேற்றும் என்று கணக்குப் பார்க்கிறேன். ஒரு லோட் சல்லி இப்போது என்ன விலை போகிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மழைக்கு முன் அதைப் பறித்துவிட வேண்டும்.